விடுதலையெல்லாம் பொய் வழக்கா?

வன்கொடுமை வழக்குகளில் மூன்றில் இரண்டு விடுதலையில் முடிகின்றன. ஆகவே மூன்றில் இரண்டு பொய் வழக்குகள். அண்மையில் வழக்கறிஞர் ஒருவர் எழுதியிருக்கும் கட்டுரையின் சாரம் இவ்வளவுதான். மீதிப் பக்கங்களெல்லாம் இந்த ஒற்றை வரிக்கு வெள்ளையடிக்கும் வேலை. நிலத் தகராறுக்குச் சாதிச் சாயம் பூசுகிறார்கள், நிவாரணப் பணத்துக்காகப் புகார் கொடுக்கிறார்கள், முன்ஜாமீன் கிடைக்காத சட்டத்தைக் காட்டி மிரட்டுகிறார்கள், 2016க்குப் பிறகு சாதி நோக்கத்தை நிரூபிக்கும் சுமையே அரசுத் தரப்புக்கு இல்லாமல் போய்விட்டது என்று அடுக்கிக்கொண்டே போகிறார். டீக்கடை பெஞ்சில் காதில் விழுந்திருந்தால் எழுந்து போயிருக்கலாம். குற்றவியல் வழக்கு நடத்தியே தலை நரைத்தவர் எழுதியிருப்பதால் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் அந்தக் கணக்கைப் பார்ப்போம். ‘சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கப்படவில்லை’ என்பதும் ‘சம்பவமே நடக்கவில்லை’ என்பதும் ஒன்றல்ல. சட்டக் கல்லூரியில் முதலாண்டு படிப்பவருக்கே இது தெரியும். சந்தேகத்தின் பலனைத் தம் கட்சிக்காரருக்கு வாங்கிக் கொடுக்கும் நாளில் கட்டுரையாளருக்கும் நன்றாகவே தெரியும். பேனாவை எடுத்ததும் மறந்துவிடுகிறது. இந்தியாவில் பாலியல் வன்புணர்வு வழக்குகளில் தண்டனை விகிதம் பல ஆண்டுகளாக 27, 28 விழுக்காட்டைச் சுற்றியே நிற்கிறது. புகார் கொடுத்த பெண்களில் நான்கில் மூன்று பேர் பொய் சொன்னார்கள் என்று இவர் எழுதுவாரா? துணிய மாட்டார். புகார் கொடுத்தவர் தலித் என்றால் மட்டும் அந்தத் துணிவு எங்கிருந்தோ வந்துவிடுகிறது.

ஒன்றிய அரசின் அறிக்கையையே எடுத்துக்கொள்வோம். 2022இல் பட்டியல் சாதியினருக்கு எதிரான குற்றங்களுக்காக வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் பதிவானவை 51,656 வழக்குகள். அவற்றில் 60.38 விழுக்காட்டில் குற்றப்பத்திரிகை தாக்கலாகியிருக்கிறது. பொய்ப் புகார், போதிய ஆதாரமின்மை போன்ற எல்லாக் காரணங்களையும் ஒரே மூட்டையாகக் கட்டி இறுதி அறிக்கை போட்டு முடிக்கப்பட்டவை 14.78 விழுக்காடு. புகார்தாரரிடம் தனிக் கரிசனம் எதுவும் இல்லாத காவல்துறையே இதற்குமேல் போகவில்லை. கட்டுரையாளர் 67க்குத் தாவிவிட்டார். இதே அறிக்கையின்படி, 2020இல் 39.2 விழுக்காடாக இருந்த தண்டனை விகிதம் 2022இல் 32.4 ஆக இறங்கியது. இரண்டே ஆண்டில் நாடெங்கும் தலித்துகள் கூடுதலாகப் பொய் பேசக் கற்றுக்கொண்டார்கள் என்பதா இதற்கு விளக்கம்? விசாரணையும் வழக்கு நடத்துவதும் மோசமாகிவிட்டன என்ற எளிய விளக்கம் ஏன் தோன்றவில்லை?

இந்தக் கணக்குக்கு ஒரு மூதாதை உண்டு. சுபாஷ் காசிநாத் மகாஜன் வழக்கில் 2018 மார்ச் 20 அன்று உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு அளித்த தீர்ப்புதான் அது. 2015இல் முடிவுக்கு வந்த 15,638 வழக்குகளில் 11,024 விடுதலை, 495 திரும்பப் பெறப்பட்டவை, 4,119 தண்டனை என்ற எண்கள் அதில் இடம்பெற்றன. சட்டம் தவறாகப் பயன்படுத்தப்படுகிறது என்ற முடிவோடு, கைதுக்கு முன் அனுமதி, வழக்குப் பதிவுக்கு முன் பூர்வாங்க விசாரணை என்று தடைகள் போடப்பட்டன. ஏப்ரல் 2 அன்று நாடு கொந்தளித்தது. நாடாளுமன்றம் 18ஏ பிரிவைச் சேர்த்து அந்தத் தடைகளை நீக்கியது. 2019 அக்டோபர் 1 அன்று மூன்று நீதிபதிகள் அமர்வு அந்த உத்தரவுகளைத் திரும்பப் பெற்றது. ஒருவர் பொய்ப் புகார் கொடுத்தால் அது மனிதக் குறை, அவருடைய சாதியின் குணமல்ல. ஒரு சமூகமே சட்டத்தைத் தவறாகப் பயன்படுத்தும் என்று ஊகிக்க முடியாது என்பது அந்த அமர்வின் நிலைப்பாடு. கட்டுரையாளர் 2018ஐ மேற்கோள் காட்டுகிறார். 2019ஐ அடிக்குறிப்பில்கூடக் காணோம். தமக்குப் பாதகமான பிந்தைய தீர்ப்பை மறைத்துவிட்டு வாதாடும் வழக்கறிஞரை நீதிபதிகள் எப்படி நடத்துவார்கள் என்று அவருக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை.

சரி, இத்தனை விடுதலை எப்படி நேர்கிறது? அதைப் பற்றி ஒரு பத்திகூட எழுதாமல் விட்டதுதான் அந்தக் கட்டுரையின் பெரிய சாமர்த்தியம்.

காவல் நிலையத்திலிருந்து தொடங்குவோம். இந்த வழக்குகளை ஊர்ப்பக்கம் இன்றும் பழைய குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் பெயரில் ‘பி.சி.ஆர். கேஸ்’ என்றுதான் பேசிக்கொள்கிறார்கள். புகாரோடு போகிறவருக்கு முதலில் கிடைப்பது புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது, கூடவே ‘பேசித் தீர்த்துக்குங்க’ என்ற அறிவுரை. மசியவில்லை என்றால் எதிர்த்தரப்பிடம் ஒரு புகார் எழுதி வாங்கி ‘கவுன்டர் கேஸ்’ தயாராகும். அடிபட்டவர் ஆஸ்பத்திரியில் கிடக்கும்போதே அவர் மகன் எதிரியாகிவிடுவான். ‘நீ வாபஸ் வாங்கு, அவனும் வாங்குவான்’ என்ற பேரம் அங்கேயே படிந்துவிடும். அதையும் தாண்டினால் ‘மிஸ்டேக் ஆஃப் ஃபேக்ட்’ என்று எழுதிக் கோப்பை மூடிவிடலாம்.

அதற்கும் தப்பிய வழக்கில் வேறு ஓட்டைகள் காத்திருக்கும். 1995ஆம் ஆண்டு விதிகளில் 7ஆம் விதிப்படி டி.எஸ்.பி. தகுதிக்குக் குறையாத அதிகாரிதான் புலன்விசாரணை செய்ய வேண்டும். நடைமுறையில் இன்ஸ்பெக்டர் விசாரித்து டி.எஸ்.பி. கையெழுத்துப் போடுவதும் உண்டு. கீழ்நிலை அதிகாரி விசாரித்தது தெரியவந்தால் இச்சட்டப்படியான குற்றச்சாட்டு நிற்காது. இந்தியத் தண்டனைச் சட்டக் குற்றங்கள் மட்டும் தொடரலாம் என்று 2009இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அடுத்து சாதிச் சான்றிதழ். பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதி அல்லது பழங்குடியினர் என்பதையும், எதிரி அப்படிப்பட்டவர் அல்லர் என்பதையும் காட்ட வேண்டும். தாசில்தார் அலுவலகத்தில் வாங்கவேண்டியவை இரண்டு காகிதங்கள். அவற்றில் ஒன்றைப் புலன்விசாரணை அதிகாரி வாங்காமல் விட்டாலே போதும், எதிரி வெளியே வந்துவிடலாம். தவறு செய்வது அரசு ஊழியர், பலன் எதிரிக்கு, ‘பொய் வழக்கு போட்டவர்’ என்ற பட்டம் பாதிக்கப்பட்டவருக்கு.

இனி சாட்சிக் கூண்டு. சாதிப் பெயரைச் சொல்லி இழிவுபடுத்தியதாக ஒரு வழக்கு. கூலி வேலை பார்க்கும் பெண் ஒருவர் சாட்சி சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சம்பவம் நடந்து சில ஆண்டுகள் ஓடிவிட்டன. எதிரியும் அவரோடு வந்த ஊர்க்காரர்களும் பின் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். இப்படித்தான் நடக்கும்.

‘என்ன சொல்லித் திட்டினார்?’

‘சாதிப் பேரைச் சொல்லித் திட்டினாருங்க.’

‘என்ன வார்த்தைன்னு கோர்ட்டுக்குச் சொல்லும்மா.’

அந்த வார்த்தையை அத்தனை பேர் முன்னிலையில் அவரே தம் வாயால் மறுபடி சொல்ல வேண்டும். சொல்கிறார். தட்டச்சர் பதிவு செய்கிறார். குறுக்கு விசாரணை தொடங்குகிறது.

‘இந்த வார்த்தை உங்க புகார்ல இல்லையே?’

‘ஸ்டேஷன் ரைட்டர் எழுதினாருங்க. நான் சொன்னேன். கைநாட்டு வச்சேன்.’

‘அப்ப யாரெல்லாம் அங்க நின்னாங்க?’

‘எங்க கொழுந்தனாரு, பக்கத்து வீட்டுக்காரங்க.’

‘எல்லாரும் உங்க ஆளுங்கதானே?’

‘ஆமாங்க. கடையில நாலு பேரு இருந்தாங்க. அவங்களும் கேட்டாங்க.’

‘அவங்க யாரும் சாட்சி சொல்ல வரலையே?’

கடையில் இருந்தவர்கள் ஏன் வரவில்லை என்று அந்த மன்றத்தில் உள்ள எல்லோருக்கும் தெரியும். அவர்கள் எதிரியின் சொந்தக்காரர்கள், அல்லது எதிரியின் வயலில் வேலை செய்பவர்கள். கடைசியில் சாட்சியத்தாளில் ‘முன்விரோதத்தால் பொய்ச் சாட்சி சொல்கிறேன் என்றால் சரியல்ல’ என்ற வரி ஏறும். தீர்ப்பில் ‘அக்கறையுள்ள சாட்சிகள், சுயேச்சையான சாட்சி இல்லை, முதல் தகவல் அறிக்கையில் வார்த்தை இல்லை’ என்று மூன்று காரணங்கள் வரும். எதிரி விடுதலை. தன் தரப்பில் நிற்பவரின் சாட்சியம் செல்லாது, எதிர்த்தரப்பில் நிற்பவர் சாட்சி சொல்ல வரமாட்டார் என்றால், அந்தப் பெண் சாட்சிக்கு யாரைத்தான் கூட்டி வருவார்?

இதோடு ‘பொதுமக்கள் பார்வையில் படும் இடம்’ என்ற நிபந்தனையும் சேர்ந்துகொள்கிறது. நான்கு சுவருக்குள் நடந்தால் செல்லாது என்று ஹிதேஷ் வர்மா வழக்கில் 2020இல் உச்ச நீதிமன்றம் கூறியது. லால்குடியில் வருவாய்த்துறை ஊழியர் ஒருவர், பட்டா விஷயமாக அலுவலகத்துக்கு வந்தவர் தம்மைச் சாதி சொல்லி இழிவுபடுத்தினார் என்று புகார் கொடுத்தார். சக ஊழியர்கள் பிறகுதான் அறைக்குள் வந்தார்கள் என்பதால் அது பொதுப்பார்வை ஆகாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அந்த வழக்கை ரத்து செய்தது. சட்டத்தின் வாசகப்படி இது சரியாகவே இருக்கட்டும். அறைக்குள் இருந்தது பொதுப்பார்வை அல்ல என்பதுதான் அங்கே முடிவு. அவர் இழிவுபடுத்தப்படவில்லை என்று எந்த நீதிபதியும் சொல்லவில்லை. நம் கட்டுரையாளரின் பேரேட்டில் மட்டும் இதுவும் பொய் வழக்குக் கணக்கில்தான் ஏறுகிறது.

அடுத்த வாதம்: நிலத் தகராறு, பாதைத் தகராறு, பணத் தகராறு, இவற்றில் சாதி எங்கே வந்தது? இந்தக் கேள்வியைக் கேட்பதற்கு முன் சட்டத்தின் 3ஆம் பிரிவை ஒருமுறை படித்திருக்கலாம். தலித்தின் நிலத்தை ஆக்கிரமிப்பது, நிலத்திலிருந்து வெளியேற்றுவது, நீர்நிலையிலும் சுடுகாட்டிலும் பொதுப்பாதையிலும் மறிப்பது, சைக்கிளிலோ மோட்டார் சைக்கிளிலோ போகவிடாமல் தடுப்பது, செருப்போ புத்தாடையோ அணியவிடாமல் தடுப்பது, கல்யாண ஊர்வலத்தில் குதிரையேறத் தடுப்பது என்று பட்டியலே அங்கே இருக்கிறது. சாதி தனியாகக் கொடி பிடித்து வராது. வரப்பிலும் வாய்க்காலிலும் கூலியிலும்தான் வரும் என்று நாடாளுமன்றத்துக்குப் புரிந்திருக்கிறது. ‘இது சாதியல்ல, வரப்புத் தகராறு’ என்பவர் வரப்பையும் அறியவில்லை, சாதியையும் அறியவில்லை.

இந்த அறியாமைக்குக் கொடுத்த விலைதான் கயர்லாஞ்சி. மகாராஷ்டிர மாநிலம் பண்டாரா மாவட்டத்தில், 2006 செப்டம்பர் 29 அன்று போட்மாங்கே குடும்பத்தில் தாய், மகள், இரண்டு மகன்கள் என நால்வரை ஊரே திரண்டு கொன்றது. ஊரில் விரல்விட்டு எண்ணக்கூடிய தலித் குடும்பங்களில் அதுவும் ஒன்று. அவர்களின் நிலத்தின் வழியே பாதை கேட்டு ஏற்கெனவே தகராறு. தங்களுக்கு ஆதரவாக நின்றவரைத் தாக்கியவர்களை அந்தத் தாய் அடையாளம் காட்டினார். அவர்கள் ஜாமீனில் வெளியே வந்த அன்று மாலையே கொலைகள் நடந்தன. விசாரணை நீதிமன்றம் 2008இல் ஆறு பேருக்குத் தூக்கும் இருவருக்கு ஆயுளும் விதித்தது. ஆனால் இது பழிவாங்கல், வன்கொடுமைச் சட்டம் பொருந்தாது என்றது. 2010இல் உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் கிளை தூக்கை 25 ஆண்டுச் சிறையாகக் குறைத்தது. சாதி விஷயத்தில் கீழ்நீதிமன்றத்தின் பார்வையையே ஏற்றது. பழிவாங்கல்தான், மறுக்கவில்லை. ஆதிக்கச் சாதிப் பெண் ஒருவர் போலீஸில் அடையாளம் காட்டியிருந்தால் ஊர் இப்படித் திரண்டிருக்குமா என்ற கேள்வியை மட்டும் யாரும் கேட்கவில்லை. நோக்கம் என்ன என்று துருவியவர்கள், அந்த நோக்கத்துக்குத் துணிவு கொடுத்தது எது என்று பார்க்காமல் விட்டார்கள்.

இந்தச் சிக்கலைத் தீர்க்கத்தான் திருத்தம் வந்தது. பத்தாண்டும் அதற்கு மேலும் தண்டனைக்குரிய குற்றத்தை, பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினர் ‘என்ற காரணத்தால்’ செய்தால் ஆயுள் தண்டனை என்றிருந்தது பழைய சட்டம். 2016 ஜனவரி 26 முதல் அது, பட்டியல் சாதியினர் ‘என்று அறிந்தே’ செய்தால் என்று மாறியது. பழைய வாசகம் என்ன செய்தது என்பதற்குப் பட்டான் ஜமால் வலி வழக்கே போதும். ஆந்திரத்தில் பார்வையற்ற தலித் பெண்ணை, அவருடைய வீட்டாருக்குப் பழக்கமானவர் வன்புணர்ந்தார். 2021இல் உச்ச நீதிமன்றம் ஆயுள் தண்டனையை உறுதி செய்தது. சாதியும் பாலினமும் உடற்குறையும் ஒன்றன்மேல் ஒன்றாக அழுத்தும்போது எது காரணம் என்று பிரித்துக் காட்டுவது எவ்வளவு கடினம் என்று விரிவாகப் பேசியது. பேசிவிட்டு, சாதிதான் காரணம் என்பதற்குத் தனிச் சாட்சியம் இல்லை என்று வன்கொடுமைச் சட்டப்படியான தண்டனையை ரத்து செய்தது. புதிய திருத்தம் இந்தச் சுமையைக் குறைத்திருப்பதையும் அதே தீர்ப்பு சுட்டிக்காட்டியது.

கட்டுரையாளருக்கு இதுதான் பொறுக்கவில்லை. பாதிக்கப்பட்டவரையோ குடும்பத்தையோ நேரடியாக அறிந்தவருக்கு அவர்களின் சாதியும் தெரியும் என்று 8(சி) பிரிவு ஊகிப்பது நீதிக்கு விரோதமாம். மறுத்து நிரூபிக்க வாய்ப்புள்ள ஊகம்தான் அது. கொலையையோ வன்புணர்வையோ அரசுத் தரப்பு வழக்கம்போல் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபித்த பிறகுதான் இந்தப் பிரிவுக்கே வேலை. நம் சட்டத்தில் ஊகம் என்ன புதிதா? கல்யாணமான ஏழு ஆண்டுக்குள் நேரும் வரதட்சணை மரணத்தில் உண்டு. காசோலை வழக்கில் உண்டு: செக் திரும்பினால், அது கடனுக்காகவே கொடுக்கப்பட்டது என்று மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 139ஆம் பிரிவு ஊகிக்கிறது. வட்டிக்குக் கொடுத்தவருக்காகச் சட்டம் ஊகிக்கும்போது இவர் ஒரு வரி எழுதியதில்லை. ஒரே ஊரில் பிறந்து வளர்ந்தவருக்கு, யார் வீடு எந்தத் தெருவில் என்று தெரிந்தவருக்கு, பக்கத்துத் தெருக்காரரின் சாதி தெரிந்திருக்கும் என்று ஊகித்தால் மட்டும் அரசியல் சாசனம் ஆட்டம் கண்டுவிடுகிறது!

முன்ஜாமீன் கிடையாது என்ற பயமுறுத்தலும் பாதி உண்மைதான். 18, 18ஏ பிரிவுகள் செல்லும் என்று 2020 பிப்ரவரியில் பிரித்விராஜ் சவுகான் வழக்கில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், புகாரைப் படித்த மாத்திரத்தில் இச்சட்டக் குற்றம் தெரியவில்லை என்றால் அந்தத் தடை பொருந்தாது என்றும் சேர்த்தே சொன்னது. பொய் வழக்கில் சிக்கியவருக்குக் கதவு திறந்தே இருக்கிறது. கட்டுரையாளர் அந்தக் கதவை மறைத்து நின்றுகொண்டு ‘ஐயோ, வழியில்லையே’ என்கிறார்.

நிவாரணப் பணம் என்ற வாதம் கேட்கவே கூசுகிறது. 2016 விதிகளின்படி சாதி இழிவுக் குற்றத்துக்கான தொகை ஒரு லட்சம். முதல் தகவல் அறிக்கை நிலையில் அதில் கால் பங்கு, குற்றப்பத்திரிகை போனதும் பாதி, தண்டனை கிடைத்தால் மீதிக் கால் பங்கு. ஆக, புகார் கொடுத்ததும் கைக்கு வருவது 25,000 ரூபாய். அதற்காக ஒருவர் ஊர்க்கட்டுப்பாட்டையும் வேலையிழப்பையும் எதிர்வழக்கையும் பல வருட வாய்தாக்களையும் விலைகொடுத்து வாங்குவார் என்று நம்ப, தலித்துகளின் வாழ்க்கையை எட்ட இருந்துகூடப் பார்த்திராதவராக இருக்க வேண்டும்.

பொய் வழக்கே கிடையாது என்று நான் வாதிடவில்லை. எல்லாச் சட்டத்திலும் உண்டு, இதிலும் உண்டு. தமிழ்நாட்டிலிருந்தே ஒன்றைக் காட்டுகிறேன். 2003 ஜூலையில் விருத்தாசலம் அருகே, சாதி மாறி மணந்துகொண்ட கண்ணகி, முருகேசன் இருவரின் காதிலும் மூக்கிலும் விஷம் ஊற்றிக் கொன்று எரித்தார்கள். உள்ளூர் போலீஸ் முதலில் வழக்கே பதியவில்லை. செய்தி பரவியதும் பதிந்தது, எப்படி? கொலையுண்ட தலித் இளைஞனின் உறவினர்களையும் குற்றவாளிகளாக்கி! வழக்கு சி.பி.ஐ.க்குப் போன பிறகே உண்மை வெளியே வந்தது. 2021 செப்டம்பரில், 18 ஆண்டு கழித்து, கடலூர் நீதிமன்றம் தண்டித்த 13 பேரில் காவல் அதிகாரிகள் இருவர். அவ்விருவரும் குற்றவாளிகளே என்பதை 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அசல் பொய் வழக்கு என்பது இதுதான். ஜோடித்தது தலித்துகள் அல்லர், காக்கிச் சட்டை. பொய் வழக்குகளைத் தேடி இத்தனை பக்கம் எழுதியவர் கண்ணில் இது மட்டும் ஏன் படவில்லை?

முறையாக நடத்தினால் இதே சட்டத்தில் நிரூபிக்க முடியும் என்பதற்குக் கோகுல்ராஜ் வழக்கு இருக்கிறது. 2015 ஜூனில் திருச்செங்கோடு கோயிலிலிருந்து கடத்தப்பட்ட அந்த இளைஞர் மறுநாள் தண்டவாளத்தில் பிணமாகக் கிடந்தார். தற்கொலை என்று காட்டும் முயற்சி நடந்தது. வழக்கின் ஆணிவேரான சாட்சியே பிறழ்சாட்சி ஆனார். கட்டுரையாளரின் கணக்குப்படி இந்தக் கட்டத்தில் பொய் வழக்கு முத்திரை குத்தியிருக்க வேண்டும். ஆனால் நாமக்கல்லிலிருந்து வழக்கு மதுரைக்கு மாறியது. தாய் கேட்டபடி சிறப்பு அரசு வழக்கறிஞர் வந்தார். கோயிலின் சி.சி.டி.வி. பதிவு, வாயடைக்கப்பட்ட சாட்சியின் இடத்தில் நின்று பேசியது. 2022 மார்ச்சில் பத்துப் பேருக்கு ஆயுள். 2023 ஜூனில் உயர் நீதிமன்றம் பெரும்பாலும் உறுதி செய்தது. இடமும் வழக்கறிஞரும் மாறாமல், கேமராவும் இல்லாமல் இருந்திருந்தால் இந்த வழக்கும் அந்த ‘மூன்றில் இரண்டில்’ போய்ச் சேர்ந்திருக்கும். அப்போதும் கோகுல்ராஜ் கொல்லப்பட்டது உண்மையாகவே இருந்திருக்கும்.

கட்டுரையாளருக்கு அப்பாவிகள் மேல் உண்மையிலேயே கவலை என்றால், கேட்க வேண்டியவை சட்டத்திலேயே எழுதியிருக்கின்றன. டி.எஸ்.பி.யே நேரில் விசாரித்து 60 நாளில் முடிக்கட்டும். குற்றப்பத்திரிகை வந்த இரண்டு மாதத்தில், நாள்தோறும் நடத்தி, சிறப்பு நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லட்டும். 15ஏ பிரிவு சொல்கிறபடி நீதிமன்ற நடவடிக்கைகள் காணொளியில் பதிவாகட்டும். சாட்சிகளுக்குப் பாதுகாப்புக் கிடைக்கட்டும். கடமை தவறிய அதிகாரிமீது 4ஆம் பிரிவு பாயட்டும். புகார் அப்பட்டமான பொய் என்று தீர்ப்பிலேயே தெரிந்தால், பொய்க் குற்றச்சாட்டுக்கென்று இருக்கும் பொதுச் சட்டப் பிரிவில் வழக்குத் தொடரட்டும். இவையெல்லாம் நடந்தால் அப்பாவி நான்கு மாதத்தில் வீடு திரும்புவார், குற்றவாளி சிறைக்குப் போவார். இவற்றில் ஒன்றைக்கூட அந்தக் கட்டுரை கேட்கவில்லை. அது கேட்பதெல்லாம் சட்டத்தை நீர்த்துப்போகச் செய்ய வேண்டும் என்பது மட்டுமே. விசாரணை சரியாக நடக்க வேண்டும் என்று ஒரு வார்த்தை கேட்காமல், விசாரணை கெட்டதால் வந்த விடுதலைகளை மட்டும் எண்ணிக் காட்டுபவரின் அக்கறை அப்பாவிகள்மேல் அல்ல, தப்பித்தவர்கள்மேல்.